தாள் இருந்தால் ஆள் உண்டு

"அந்த நாய் இப்ப பிணத்துலயும் காசு பார்க்கக் கிளம்பிட்டான், வாத்தியாரே."

தேநீர்க்கடை கோங் இப்படிச் சொன்னதும் வாத்தியார் தெங் ஷௌலி தூரிகையைக் கீழே வைத்தார். ஆளுநருக்கு அனுப்பும் மனுவில் மூன்றாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 'எங்கள் முன்னோர் துயிலும் மண்ணில் அந்நியன் இரும்பு ஓடலாமா?' என்று எழுதி, அந்த வரியைத் தானே இரண்டு முறை படித்து ரசித்திருந்தார்.

"யாரு, பியானா?"

"வேற யாரு? வெள்ளைக்காரனுக்குப் பேச்சு மாத்திச் சொல்ற நம்ம துபாஷி துரைதான். ஆளில்லா மேட்டுல நின்னு ஒவ்வொரு கல்லறையா மஞ்சத் தாள் வெச்சுக்கிட்டிருக்கான்."

வாத்தியாருக்குக் காது சிவந்தது.

சிவக்காமல் என்ன செய்யும்? போன மாதம் இங்கிலீஷ்காரன் வந்து வயலில் சிவப்பு முளை அடித்தான். பத்தே நாளில் ஜெர்மன்காரன் வந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கறுப்பு முளை அடித்தான். ரயில் பாதை உனக்கா எனக்கா என்று பீக்கிங்கில் இருவரும் மேசையைத் தட்ட, அரண்மனை இருவருக்கும் தலையாட்டியதாம். கோதுமை விதைத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் ஊர் ஜெர்மன்காரன் பங்குக்குப் போயிற்று.

இதில் கல்லறைக்கு ஒரு சட்டம் வேறு. சிங்மிங் திருநாளன்று குடும்பத்தார் கல்லறை மேல் மஞ்சள் தாள் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு மண்கட்டியை ஏற்றிவிட்டுப் போவார்கள். தாள் இருந்தால் ஆள் உண்டு என்று அர்த்தம். ரயில் கம்பெனிக்காரன் அதையே பிடித்துக்கொண்டான். தாள் உள்ள கல்லறைக்குப் பணம் கொடுத்து எலும்பை வேறு இடம் மாற்றுவானாம். தாள் இல்லாததை வெட்டித் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுவானாம். நாளைக்குக் கணக்கெடுப்பு.

ஆளில்லா மேட்டில் நாற்பது கல்லறை. வெள்ளத்தில் ஒதுங்கியவை, பஞ்சத்தில் விழுந்தவை, யாரும் வந்து கேட்காத பிணங்கள்.

"நாப்பதுக்கும் நான்தான் சொந்தம்னு சொல்லிப் பணத்தை வாங்கிக்கப் போறான்," என்றார் கோங். "ஜெர்மன்காரன் போடற எச்சில் ரொட்டி பத்தல போல."

"அவங்கப்பன் விட்டுப்போன நிலத்தைப் பார்த்தீங்களா?" என்றாள் டோஃபு விற்கும் ஹௌ அக்கா. "முளைச்ச பயிரை அழிச்சுட்டுக் குழி குழியா வெட்டி வெச்சிருக்கான். தந்திக் கம்பம் நட வெள்ளைக்காரனுக்கு வித்துட்டானாம்."

வாத்தியார் எழுந்து நடந்தார். பின்னாலேயே கடையில் இருந்த அத்தனை பேரும் நடந்தார்கள்.

மேட்டில் பியான் ஒரு கல்லறைக்கு மண்கட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

"எடுடா கையை."

அவன் நிமிர்ந்தான். "வாங்க வாத்தியாரே."

"செத்தவங்க என்ன உன் வீட்டுக் கோழியா, எண்ணி விக்கறதுக்கு? முன்னோர்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"இவங்களுக்கு யாரும் வரலியே."

"அதனால நீ வந்துட்டியா? வெள்ளைக்காரன் குடுத்த பூட்ஸ் காலோட?"

கூட்டம் சிரித்தது. பியான் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"கிழிக்கறதுன்னா கிழிங்க. ஆனா படிச்சுப் பார்த்துட்டுக் கிழிங்க. இங்க படிக்கத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்."

தாளில் எழுத்தா? சிங்மிங் தாளில் எவனும் எழுதுவதில்லை. வாத்தியார் முதல் தாளை வெடுக்கென்று உருவினார். எல்லோருக்கும் கேட்க, நக்கலாகவே படிக்க ஆரம்பித்தார்.

"'பெயர் தெரியாத தாய், கைக்குழந்தை. வெள்ளத்தில் வந்தவர்கள். உரியவன், பியான். மாற்றும் இடம், பியான் நிலம், முதல் குழி.'"

சிரிப்பு நின்றுவிட்டது. ஹௌ அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்ததை எடுத்தார். "'படகுக்காரர், ஒரு கால் ஊனம். உரியவன், பியான். இரண்டாம் குழி.'"

கிழிக்க வந்த கை கிழிக்கவில்லை. தாளைத் திரும்ப வைத்து மண்கட்டியையும் ஏற்றினார். ஆனால் கோபம் மட்டும் இறங்க மறுத்தது. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு எப்படி இறங்கும்?

"எல்லாம் நடிப்பு," என்று சொல்லிக்கொண்டே ஓரத்தில் தனியாகக் கிடந்த கடைசிக் கல்லறைக்குப் போனார். எட்டு வருஷமாக அவர் அந்த ஓரத்துக்கு வந்ததில்லை.

தாளை எடுத்தார்.

'தெங் ஷௌயி' என்று இருந்தது. தம்பி.

வெள்ளைக்காரனை விரட்டக் கிளம்பிய குத்துச்சண்டைக் கலகக்காரர்களோடு சேர்ந்தவன். அரசாங்கம் அவன் தலையை வெட்டி, உடலைப் பாயில் சுருட்டி, வண்டியில் போட்டு வாத்தியார் வாசலுக்கே கொண்டுவந்தது. "உங்க ஆளா?" என்று சேவகன் கேட்டான். "எங்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் வாத்தியார். தம்பி மஞ்சூரியாவுக்குப் பிழைக்கப் போயிருப்பதாக ஊருக்குச் சொன்னார். குழி வெட்ட அன்றைக்குச் சேவகர்கள் கூலிக்குப் பிடித்துப் போனது பியானைத்தான்.

"என்ன வாத்தியாரே, சத்தத்தையே காணோம்?" என்றார் கோங் பின்னாலிருந்து. "அது யாரோட ஆளாம்?"

மற்றத் தாள்களில் எல்லாம் 'உரியவன்' என்பதற்கு எதிரே பியான் தன் பெயரை எழுதியிருந்தான். இந்த ஒரு தாளில் மட்டும் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.