ஐந்து மணிப் பாட்டு

ஷூவைத் திருப்பி வைக்கலாம் என்று குனிந்தாள் ஆர்லின். அதற்கு வேலையே இருக்கவில்லை.

மகள் சுமிரே காலையில் வந்தபோதே தன் மஞ்சள் ஷூ இரண்டையும் வாசலைப் பார்த்துத் திருப்பி, ஓரமாக ஒட்டி வைத்திருந்தாள். விருந்தாளிகள் அப்படித்தான் வைப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்புவரை ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் உதறிவிட்டு உள்ளே ஓடிய பிள்ளை.

வெளியே ஊர் ஒலிபெருக்கியில் ஐந்து மணிப் பாட்டு தொடங்கியது. ஜப்பானின் இந்தத் தொயாமா நகரத்துப் பிள்ளைகளெல்லாம் வீடு திரும்ப வேண்டிய நேரம். விவாகரத்தின்போது கோர்ட்டில் எழுதிக்கொடுத்ததும் இதே கணக்குத்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, பதினொன்றிலிருந்து ஐந்து வரை.

அடுத்த மாதத்திலிருந்து அதுவும் கிடையாது. சுமிரேயின் அப்பாவுக்கு வடகோடியில் இருக்கும் சப்போரோவுக்கு மாற்றல். வருடத்துக்கு ஒருமுறை அழைத்து வருவது பற்றி யோசிப்பதாகக் கடிதம் போட்டிருக்கிறார். இந்த ஊரில் யோசிக்கிறோம் என்று ஒருவர் சொன்னால் அதோடு கதை முடிந்தது. பதினான்கு வருடமாக இங்கே இருக்கும் ஆர்லினுக்கு அது தெரியாதா?

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். படியிறங்கும்போது பிள்ளை 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு முறை போதும்.

பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இதெல்லாம் அவளுக்குக் கூத்தாக இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பினால் 'போயிட்டு வரேன்'. திரும்பினால் 'வந்துட்டேன்'. குப்பை போட்டுவிட்டு வந்தாலும் அதே பாட்டு. காதில் விழுந்தவர் எந்த வேலையில் இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

பிறகு அந்தப் பதிலுக்காகவே மீன் ஆலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். நாள் முழுக்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதவளை ஒரு சின்னக் குரல் 'வா, வந்துட்டியா' என்றால் வேறென்ன வேண்டும்? இப்போதும் பூட்டைத் திறந்ததும் 'வந்துட்டேன்' என்றுதான் வாய் சொல்கிறது. ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமும்.

சொந்த வீட்டுக்கு ஒரு பேச்சு, பிறத்தியார் வீட்டுக்கு ஒரு பேச்சு. சுமிரேக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்தது அவள்தான். வெளிநாட்டுக்காரி என்னமாய்ப் பிள்ளை வளர்த்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் மெச்சியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலையிலிருந்து பிள்ளை அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். ஒரு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கிவைத்த, முயல் முகம் போட்ட வீட்டுச் செருப்பு விலைச்சீட்டோடு அப்படியே இருந்தது. சுமிரே விருந்தாளிகளுக்கான பழுப்புச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டாள். கழற்றியதும் அதையும் நேராக அடுக்கி வைத்தாள்.

"குளிருது. ஜிப்ப மேல வரைக்கும் இழுத்துக்கோடா கண்ணு."

இழுத்துக்கொண்டாள். ஷூவை மாட்டினாள். நிமிர்ந்து நின்றாள். ஏதோ சொல்லப்போகிறவள்போல மூச்சை இழுத்தாள்.

ஆர்லின் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சுமிரே இரண்டு கையையும் முன்னால் சேர்த்து அழகாகக் குனிந்தாள்.

"ரொம்ப நேரம் தொந்தரவு குடுத்துட்டேங்க."

பிறத்தியார் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்ல வேண்டியது. ஒரு பிசகு இல்லை. ஆர்லின் சொல்லிக்கொடுத்தபடியே பிள்ளை மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மறுபடியும் வாங்க" என்றது ஆர்லினின் வாய்.

கதவு சாத்திக்கொண்டது. இரும்புப் படிகளில் தடதடவென்று பிள்ளை இறங்கி ஓடும் சத்தம். பாட்டு முடிந்திருந்தது. கீழே காரின் கதவு திறந்தது.

"அம்மா, வந்துட்டேன்!"

"வா, வந்துட்டியா" என்றது காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

காதில் விழுந்தால் பதில் சொல்லியாக வேண்டும். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஆர்லினும் சொன்னாள்.