ரெட்டைத் தையல்

“ஹால்ல அவன் மாட்டுற ஆணி காலியாத்தான் இருந்துச்சு. காலையில என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்றார் தையல்காரர். “லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கான்.”

அவர் மகன் விடியற்காலையில் தனியாக எடுத்துப்போன கயாக் படகு, நடு ஏரியில் தலைகீழாக மிதந்தது. அதை இழுத்துக் கரையில் போட்டாயிற்று. பையனை மட்டும் காணோம். மதியம் தாண்டியும் மீட்புப் படகு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

கயாக் பயிற்சியாளருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “கவிழ்ந்தா எப்படி வெளியே வரணும்னுகூட அவனுக்கு இன்னும் சொல்லித் தரலைங்க. ரெண்டாவது வகுப்போட நிறுத்திட்டீங்களே!”

“பயிற்சியா ஜாக்கெட்டா, கையில இருந்த காசுக்கு ஏதாவது ஒண்ணுதான் முடியும்னு ஆச்சு. ஜாக்கெட்னு சொல்லிட்டேன். கத்துக்கிட்டது பதட்டத்துல மறந்துபோகும் சார், ஜாக்கெட் மறக்காது. பட்டைக்கெல்லாம் நானே ரெட்டைத் தையல் போட்டேன். யானை இழுத்தாலும் பிரியாது.”

பெத்த மனசு, வேறென்ன பேசும்! பயிற்சியாளரும் இறங்கி வந்தார். “சரிங்க, அது உடம்புல இருந்தா மிதப்பான். அந்தப் பக்கம் நாணல்ல எங்கேயாவது ஒதுங்கியிருப்பான். தேடுவோம்.”

அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

“வரட்டும், முதுகுல நாலு வைக்கிறேன்” என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். “ஏரி நாத்தத்தோட அந்த ஜாக்கெட்டைக் கொண்டாந்து ஹால்ல மாட்டுறான்னு தங்கச்சிக்காரி தினமும் சண்டை. இனிமே எங்க வேணா மாட்டட்டும், நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

பொட்டுப் பொட்டென்று தூறல் விழ ஆரம்பித்தது. மீட்புப் படகு மறுபடியும் வெறுமனே திரும்பியது.

தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் பழக்கம் விடுமா? அம்மா செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள். மகளிடம் அவர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அண்ணனைக் கூட்டிவரப் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

“மழை வருதுடி. மாடிக் கொடியில கிடக்கிறதை எடுத்து உள்ள போடு.”

காற்றில் சரியாகக் காது கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள். மகள் படியேறும் சத்தம், பக்கத்தில் நின்ற பயிற்சியாளரோடு சேர்த்து மூன்று பேருக்கும் கேட்டது. தையல்காரர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“துணியெல்லாம் எடுத்துட்டேன்மா, நேத்து நான் துவைச்சுப் போட்ட அண்ணன் ஜாக்கெட்தான் இன்னும் காயல.”