கை படாத ரூபாய்

வரலட்சுமி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு அறைக்கு வெளியிலேயே நின்றாள். சுலைமான் பாய் அதைக் கவனித்துவிட்டார். முப்பது வருஷமாகப் பூந்தமல்லியில் பழங்காசு வாங்கி விற்கிறவர். காசைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர்களின் கையைப் பார்ப்பது அவர் பழக்கம்.

உள்ளே அவள் கணவன் வீரராகவன் இரும்பு பீரோவைத் திறந்து, தான் சேர்த்த காசு ஆல்பத்தை எடுத்து வைத்தான். ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர்.

"அவ உள்ள வர மாட்டா பாய். பாப்பா படுத்துகினு இருந்த ரூமு. எண்பத்தேழுல ஜுரம் வந்து செத்துப் போயிடுச்சு. ஏழு வருஷமா இவ இங்க கால் வைக்கல. இந்த ஊடே வேணாங்குறா. ஆல்பம் வெல போச்சுன்னா அம்பத்தூர்ல ஒரு ஊட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடுவேன்."

பாய் தலையாட்டிவிட்டு ஆல்பத்தைப் புரட்டினார். எல்லாம் ஒரு ரூபாய்கள். பம்பாய், கல்கத்தா, ஐதராபாத் என்று அச்சடித்த ஊர் வாரியாக, வருஷ வாரியாகச் செருகியிருந்தன. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் போட்ட ஒரு காசின் மேல் அவர் லென்ஸ் நின்றது.

எண்பத்து நாலு, ஐதராபாத். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு விரல் ரேகை கூட இல்லை.

"கணக்கில்லாம அடிச்ச காசுதான் நைனா இது. அத்தனையும் டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் போய்த் தேஞ்சிடுச்சு. எத்தினி அடிச்சான்றதுல வெல இல்ல. எவன் செலவு பண்ணாம வச்சிகீறான்றதுலதான் கீது."

"அப்போ எடுத்துக்கிறீங்களா?"

"இரு. பத்து வருஷமா ஒரு ஊட்ல ஒரு ரூபா நவுராம இருக்குமா? என் ஊட்ல ஜமீலா ஒரு எழுபத்தஞ்சு பம்பாயக் குடுத்துத் தக்காளி வாங்கிட்டா. இன்னாடி இப்டி பண்ணிட்டேன்னா, தக்காளி நல்லாத்தானே இருந்துச்சுங்குறா."

வீரராகவன் சிரித்தான். "இங்க கை வைக்க ஆள் ஏது பாய்? அப்போ இந்த மனைங்கள்ல எங்க ஊடு ஒண்ணுதான். கூப்ட்டா கேக்கறதுக்கு பருத்திப்பட்டு ஏரிதான் கீது."

"பீரோ சாவி யாராண்ட இருந்துச்சு?"

"இவளாண்டதான். நான் ஷிஃப்டுக்குப் போயிடுவேனே. பாப்பா போன அப்புறம் கழட்டி என் கைல குடுத்துட்டா."

பாய் லென்ஸை மடித்தார். "அங்கதான் இடிக்குது. எடுத்து செலவு பண்ணிட்டு, வேற ஒண்ணத் தேடிப் புடிச்சி மெருகு போட்டு வச்சிடறாங்க. என் கண்ணுக்கே சில நேரம் தெரியாது. வாங்குற பார்ட்டி பம்பாய்ல கீறான். அவன் கண்டுபுடிச்சான்னா என் பேரு போயிடும். இது ஒண்ணு பொய்யின்னா ஆல்பமே வேணாம்."

வீரராகவன் முகம் சுருங்கியது. வெளியே திரும்பினான். "எடுத்தியாடி? எடுத்திருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவள் முந்தானையைக் கைகளோடு இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

பாய்க்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஆல்பத்தை மூடி அவன் பக்கம் தள்ளினார். எழுந்தவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"தப்பில்ல தங்கச்சி. ஊடுன்னா ஆத்திர அவசரம் வரும். மாசக் கடைசில கைல ஒண்ணும் இருக்காது, இவர் ட்யூட்டிக்குப் போயிருப்பாரு. யாரா இருந்தாலும் எடுக்கத்தான் செய்வாங்க."

"எடுக்கலண்ணே."

"ஒரு தபா கூடவா?"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த பீரோவைப் பார்த்துச் சொன்னாள்.

"பஸ்ஸுக்குக் காசில்லாம, ஜுரத்தோட பாப்பாவத் தோள்ல போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். அன்னிக்குக் கூட எடுக்கல."