எரியாத தீக்குச்சி

தணிகாசலம் ஒரு ஓட்டைக் காரைப் பட்டறையில் போட்டு, நட்டு நட்டாகச் சேர்த்துப் புதுசாக்கினார். பெயிண்ட் மட்டும் மூன்று தடவை அடித்தார். பெட்ரோல் டியூபை மாற்றவில்லை. "இது இன்னும் உழைக்கும்" என்றார். மனுஷன் அப்படித்தான்.

முதல் ஓட்டத்துக்குப் பூஜை போட்டார். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் தட்டில் சூடமும் வைத்தார். அந்த நேரம் பார்த்து டியூப் கசிந்து பெட்ரோல் தரையில் ஓடியது. பட்டறையில் எப்போதும் அந்த வாசனைதான். அவருக்கு உறைக்கவில்லை.

"ஏ சூடம், எரியாதே! செத்தேன்!" என்று அலறியது கார்.

"பற்றவைத்தால் எரிவேன். வேறென்ன தெரியும் எனக்கு? தீக்குச்சியைக் கேள்" என்றது சூடம்.

பெட்டியில் ஒரே ஒரு குச்சிதான் இருந்தது. "ஒரு தடவை எரியத்தானய்யா பிறந்தேன். அதையும் விடச் சொல்றியா?" என்றது.

"விட்டுடு அண்ணே. உன் காலில் விழறேன்."

"எனக்கு ஏதுடா காலு!" என்று சிரித்தது குச்சி. அவர் உரசியபோது தன் தலையைத் தானே உடைத்துக்கொண்டது.

"சனியனே! நல்ல நாளும் அதுவுமா!" என்று குச்சியைத் தரையில் எறிந்தார் தணிகாசலம். விழுந்த இடம் ஈரமாக இருந்தது. குனிந்து மோந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. காரை வெளியே தள்ளினார். மணலைக் கொட்டினார். டியூபையும் மாற்றினார்.

பிறகு மணலோடு குச்சியையும் முறத்தில் அள்ளினார்.

"அண்ணே, உயிர் கொடுத்தே. உன் பேரைக்கூடக் கேட்கலையே" என்றது கார்.

"தீக்குச்சிக்கு ஏதுய்யா பேரு? நீ பத்திரமா ஓடு, போ."