பழைய ரிப்போர்ட்

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நீயே பாரும்மா" என்று பீப்பாவின் மனைவி ஃபைலைப் பிரித்து டீப்பாயின் மேல் பரப்பினாள்.

இடது பக்கம் போன வருஷத்து ரிப்போர்ட். கெட்ட கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு. வலது பக்கம் இன்றைக்குக் காலையில் வந்தது. தொண்ணூற்றாறு.

எதிரில் இருந்தவள் இரண்டையும் மரியாதைக்குப் பார்த்தாள். அவள் புருஷன் போய் நாலு மாதம்தான் ஆகிறது. அடுத்தவர் வீட்டு நல்ல சேதிக்கு முகம் கொடுக்க இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள்.

பீப்பாவுக்கு உட்கார்ந்த இடம் முள்ளாய்க் குத்தியது.

பீப்பா என்பது கோடவுனில் வைத்த பேர். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன், நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை, தொந்திக்குக் கேட்பானேன். இந்த ஒரு வருஷத்தில் பதினாலு கிலோ இறங்கிவிட்டது. பேர் மட்டும் இறங்கவில்லை.

பக்கத்து வண்டியை ஓட்டிய நண்பனுக்குக் குச்சி என்று பேர். காற்றடித்தால் யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேலி பண்ணுவார்கள். அந்தக் குச்சிதான் முப்பத்தொன்பது வயதில், ஒரு மத்தியானம், சாவியில் வைத்த கையை எடுக்காமலே மாரடைப்பில் வண்டியில் சாய்ந்துவிட்டான்.

டாக்டரிடமிருந்து நேராகக் குச்சியின் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது பீப்பாதான். இவளிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வழியெல்லாம் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தான். வந்து இருபது நிமிஷம் ஆகிறது, உதட்டைத் தாண்டவில்லை.

மனைவி வேறு விடுவதாக இல்லை. பாவம், அவளுடைய வெற்றி அது. பொரித்த எதையும் வீட்டுக்குள் விடவில்லை. விடிந்ததும் எழுப்பி நடக்க விரட்டினாள். மாத்திரை உள்ளே போகிறவரை எதிரிலேயே நின்றாள். டாக்டரே அசந்துபோய்விட்டார் என்றாள்.

அசந்தது உண்மைதான். ஆனால் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். இவ்வளவு எகிறியிருந்தால் அது வெறும் சாப்பாட்டால் மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஒல்லியாக இருப்பவர்களையும் விடாது. பிள்ளைகளுக்கு உடனே பாருங்கள்.

"அடுத்த வாரமே பசங்க ரெண்டு பேருக்கும் எடுத்துடப் போறோம்" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

குச்சியின் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். பதினோரு வயது. அப்பனை உரித்து வைத்தது போல அதே மெலிந்த கை, அதே நீளக் கழுத்து. பீப்பா டம்ளரை எடுத்தான். குடிக்காமலே கீழே வைத்துவிட்டான்.

"உங்க டயட்டச் சொல்லித்தான் தினமும் சிரிப்பாருண்ணா" என்றாள் குச்சியின் மனைவி. "கேண்டீன்ல உங்க பங்கு வறுவலும் இவர் தட்டுக்குத்தானாமே."

ஆமாம். உனக்கென்னடா, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று இவன்தான் தள்ளிவிடுவான்.

அவள் பழைய ரிப்போர்ட்டின் மடிந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"இவருக்கும் ஒரே ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல? நாப்பது ஆனாத்தான் எடுப்பாங்கன்னு சொல்லிட்டாரு."

"எடுத்தாங்கம்மா" என்றான் பீப்பா.

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டான். கோடவுனுக்கு டெஸ்ட் எடுக்கிற வேன் வந்த நாளை. நாற்பது தாண்டியவர்களை மட்டும் கூப்பிட்டதை. ஊசியைப் பார்த்ததும் தனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததை. சிரித்துக்கொண்டே இவனுடைய அடையாள அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குச்சி போய்க் கையை நீட்டியதை. அட்டையில் இருந்த ஃபோட்டோவை யாரும் பார்க்கவில்லை.

ரிப்போர்ட் வந்த அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இந்த உடம்பில் கொழுப்பாம், மெஷினுக்குக் கண் தெரியவில்லை என்று. அதற்குள் காகிதம் மனைவி கைக்குப் போய்விட்டது. ஊசிக்குப் பயந்து ஆள் மாற்றியதைச் சொல்ல வெட்கப்பட்டு, இவன் மாத்திரையை விழுங்க ஆரம்பித்தான். இந்தத் தடவைதான் மனைவி பிடித்து உட்காரவைக்க, கண்ணை மூடிக்கொண்டு ஊசிக்குக் கை நீட்டினான்.

குச்சி போன பிறகும் வாயைத் திறக்கவில்லை. தப்பு மெஷின் மேல்தான் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி நாலு மாதத்தை ஓட்டினான். இன்றைக்கு டாக்டர் அதையும் பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கே வெட்கத்தை விட்டிருந்தால், அந்த மாத்திரை போகவேண்டிய வாய்க்குப் போயிருக்கும்.

"பேரு மட்டும்தாம்மா என்னோடது. பாப்பாவுக்கு நாளைக்கே ரத்தம் எடுக்கணும்."

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

குச்சியின் மனைவி அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து, மேலே அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை விரல் கணுக்களில் நகர்த்தி, அதிலிருந்து புருஷன் போன மாதம் வரை எண்ணத் தொடங்கினாள்.

ஒன்பது வந்ததும் விரல் நின்றது.