ஒன்பதாவது தெரிவு

திவசத்துக்கு வந்த சனம் விடைபெறுகிற நேரம் அப்பாவைக் காணவில்லை.

மயூரி தேடிக்கொண்டு போனாள். கனடாவில், ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் இருந்த வீட்டின் கராஜுக்குள், ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு மடிப்புக் கதிரையில் இருந்தார் இராஜரட்ணம். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு. கையில் போன். இரண்டு விரலால் எழுதிக்கொண்டிருந்தார்.

என்ன எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவுஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்தை வைத்து விளையாடுகிற புட்போல். ஒவ்வொரு நவம்பரும் அங்குள்ள கிளப்புகள் பதினெட்டு வயசுப் பொடியன்களை வரிசையாகத் தெரிவுசெய்யும். மெல்பேர்னில் ஒரு கிளப்புக்கு இந்த முறை ஒன்பதாவது தெரிவு. யாரை எடுப்பது என்று அந்தக் கிளப்பின் ரசிகர்கள் கூடுகிற இணையத் தளத்தில் அப்பா ஒரு மாதமாகச் சண்டை பிடிக்கிறார். அறுபத்தாறு வயசு. அவுஸ்திரேலியாவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

"அம்மாவின்ரை திவசத்திலயுமா அப்பா? பெரியம்மா வெளிக்கிட்டு நிக்கிறா."

"ரெண்டு நிமிசம் பிள்ளை. உவன் விளங்காமல் கதைக்கிறான்."

மயூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியவிருந்து தனியாக நின்று சமைத்தவள் அவள். போனைப் பறித்தே விட்டாள்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு அங்கே பெயர் கென், ஊர் பிரிஸ்பேன். பேர்த்தில் இருக்கிற ஒரு நெட்டைப் பொடியனை எடுக்கவேண்டும் என்பது கென்னின் கட்சி. ஓட்டம் மெதுவென்றாலும் எந்தப் பந்தையும் தவற விடமாட்டானாம். இல்லை, தாஸ்மேனியாவில் இருக்கிற கட்டைப் பொடியன்தான் வேண்டும் என்று ஒருவன் மறுத்து மறுத்து எழுதியிருந்தான். கடைசியாக, ஐந்து நிமிசத்துக்கு முதல் எழுதியது: மகளுக்குக் காய்ச்சல், இரவு முழுக்க நித்திரை இல்லை, ஆனாலும் சொல்கிறேன், நெட்டையன் வேண்டாம்.

எழுதியவன் தனக்கு வைத்திருந்த பெயர் ரூஜ் கிட், ரூஜ் பொடியன்.

ரூஜ், இங்கே பக்கத்தில் அவளும் அண்ணாவும் வளர்ந்த இடம். அண்ணா இப்போது மெல்பேர்னில். அங்கே இருந்துகொண்டு வேறு யார் அந்தப் பெயரை வைப்பார்கள்?

"அப்பா, இது அண்ணாவே?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

எட்டு வருசத்துக்கு முதல் அண்ணா திலக்சன் ரிஃப்னாவைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றான். முஸ்லிம் பிள்ளை என்றதும், இந்த வாசலை இனி மிதிக்காதே என்று சொன்னவர் இவர்தான். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்னுக்குப் போய்விட்டான். நாலு வருசம் கழித்து அம்மா ரதி திடீரென்று மோசம் போனபோது, எல்லாம் எரித்து முடியுமட்டும் அவனுக்குச் சொல்லக்கூடாது என்று நின்றவரும் இவர்தான். மயூரியும் பேசாமல் இருந்தாள். அண்ணா பெத்த தாயின் முகத்தைக் காணவில்லை. இன்றைக்கும் மகன் இருந்து செய்யவேண்டிய கிரியையை இவரேதான் இருந்து செய்தார்.

"அவன் உந்த விளையாட்டிலை பைத்தியம், உந்தத் தளத்திலை எழுதுறவன் எண்டு அம்மா சொல்லியிருக்கிறா. அவ போன பிறகுதான் தேடிப் பாத்தனான்" என்றார். விதிகளைப் படிக்கவே ஆறு மாதம் எடுத்ததாம். பேத்தி பிறந்தது, பல்லு முளைத்தது எல்லாம் பந்துக் கதைக்கு இடையில் அவன் எழுதியதை வைத்துத்தான் தெரியுமாம். இங்கே பின்னேரம் நாலு மணி என்றால் அங்கே விடிந்திருக்கும். அவன் எழுதுகிற நேரம் அதுதான்.

"நேரை போன் எடுத்துக் கதையுங்கோவன் அப்பா."

"என்ன முகத்தோடை எடுக்கிறது பிள்ளை? கென் எண்டபடியால் அவன் மறுமொழி எழுதுறான். நான் எண்டு தெரிஞ்சா எழுதுவானே?"

ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டார். அவள் தலையாட்டிவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

ஆனால் மனம் கேட்கவில்லை. சனம் எல்லாம் போனபிறகு மேலே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணாவுக்கு எடுத்தாள். பிறந்தநாளுக்கு மட்டும் கதைக்கிறவள். அம்மாவின் திவசம் இன்றைக்கு என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தானும் கோயிலுக்குப் போய்வந்ததாகச் சொன்னான்.

"அண்ணா, அந்தத் தளத்திலை கென் எண்டு ஒராள்…"

"தெரியும் மயூ."

"எப்ப தொடக்கம்?"

"முதல் வருசமே. அப்பவும் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு எழுதினன். கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கச் சொல்லி, அப்பா எங்களுக்குச் சொல்லுற மாதிரியே கென் எழுதினார். பிரிஸ்பேன் வெள்ளைக்காரனுக்கு அது எப்பிடித் தெரியும்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. மயூரி அழுதுகொண்டிருந்தாள்.

"தெரியும் எண்டு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வெக்கத்திலை நிப்பாட்டிப்போடுவார். பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

"அப்ப ஏன் நெடுக அவரோடை சண்டை பிடிக்கிறியள்? அவர் கராஜுக்குள்ளை குளிரிலை இருந்து எழுதுறார். ஒருக்காலெண்டாலும் அவர் சொல்லுறதுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோவன்."

அண்ணா குரலைத் தாழ்த்தினான்.

"அப்பா சொல்லுறதுதான் சரி மயூ, நெட்டையனைத்தான் எடுக்கவேணும். ஆனா நான் ஓம் எண்டிட்டா, நாளைக்கு அவர் எனக்கு என்னத்தை எழுதுவார்?"