மாவு பொங்கும் சூடு

கொடைக்கானல் குளிரில் தோசைமாவு லேசில் பொங்காது. அதனால் மகன் ஆல்வின் கேம் விளையாட உட்காரும்போதெல்லாம், ரெஜினா மாவுப் பாத்திரத்தை அவனுடைய லேப்டாப்பின் பின்னால், சூடான காற்று வரும் பக்கமாக வைத்துவிடுவாள். முதன்முறை லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துப் பதறித்தான் போனாள். "உள்ள எம்பத்தஞ்சு டிகிரிம்மா. விளையாடுறப்ப அதுக்கு இதான் நார்மல்" என்று சிரித்தான் அவன்.

ஆல்வின் இறந்தபின் யாரும் அந்த லேப்டாப்பைத் திறக்கவில்லை. அவனோடு சேர்ந்து விளையாடிய தங்கை ஜெனிட்டா தினமும் துடைத்து மட்டும் வைத்தாள். வீட்டில் தோசை வார்ப்பதும் நின்றுபோனது.

இன்று ரெஜினா மாவு அரைத்தாள். பாத்திரத்தைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தாள்.

"மாவு பொங்கணும் பாப்பா. கொஞ்ச நேரம் விளையாடேன்."

ஜெனிட்டா சார்ஜரைச் சொருகினாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். கேம் ஓடத் தொடங்கியதும் விசிறி இரைந்தது. ரெஜினா காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை அந்தக் காற்றில் நீட்டினாள்.

"எவ்வளவு காட்டுது?"

"எம்பத்தஞ்சும்மா." ஜெனிட்டா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இருக்கட்டும், அணைச்சிடாத. அதுக்கு இதான் நார்மல்" என்றாள் ரெஜினா, கையை எடுக்காமல்.